காரைக்காலில் பெரியவன், காரைக்குடியில் சின்னவன்: மதுக்கடையில் வயசு கேட்ட கதை

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வயசுக்கு அத்தாட்சி என்று ஒரு காகிதமும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். அஞ்சு வயசு ஆயிருச்சு என்று எழுதிக்கொண்டார்கள். அப்பத்தா கணக்குப்படி நான் பிறந்தது ஐப்பசி. ரிஜிஸ்டரில் ஏறியது ஜூன் மாதம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். நாற்பது தாண்டிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காது சமாசாரம் இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் உச்ச நீதிமன்றம். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதார் அட்டை வயதுக்கான சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, மதுக்கடைகளில் வாங்குபவரின் வயதைச் சரிபார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்ற பொதுநல வழக்கில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை எதிர்த்து வேலை செய்கிற ஒரு அமைப்பு தொடுத்த வழக்கு அது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஒரு கேள்வி வந்தது. நம் ஊரில் மது விற்பனையைக் கட்டுப்படுத்திய அரசுகள் இதுவரைக்கும் எதையெல்லாம் எண்ணிப் பார்த்தன? குடிக்கிற ஆளை எப்போதாவது பார்த்தனவா? அதற்காக எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

மரத்துக்கு நம்பர்

காரைக்குடி இன்றைக்கு சிவகங்கை மாவட்டம். 1985க்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டம். 1910க்கு முன்னால் மதுரை. எந்த மாவட்டத்தில் இருந்தாலும் பனை இருந்தது, கள் இருந்தது.

1886இல் சென்னை ஆப்காரி சட்டம் வந்தது. அதற்குப் பிறகு மாகாணத்தில் படிப்படியாகப் பரவியது மரவரி முறை. கள் இறக்குகிற ஒவ்வொரு மரத்துக்கும் வரி. தென்னைக்கு ஒன்று, பனைக்கு ஒன்று. வரி கட்டிய மரத்துக்கு அடையாள எண் போடுவார்கள். எண் இல்லாத மரத்தில் பானை தொங்கினால் குற்றம். சாராயத்துக்குத் தனிக் கணக்கு: எவ்வளவு வடித்தார்கள், எந்த வீரியத்தில் வடித்தார்கள் என்று. கடைகளை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுக் கடையைத் திறந்துகொள்வார்.

இந்த ஏற்பாட்டை ஒரு கணக்குப்பிள்ளை கண்ணோடு பாருங்கள். மரம் கணக்கில் இருக்கிறது, கடை கணக்கில் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது. குடிக்கிறவன் மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அவன் இருபது வயசுக்காரனா, பத்து வயசுப் பையனா என்பது வருமானத்தைக் கூட்டவும் போவதில்லை, குறைக்கவும் போவதில்லை.

இங்கிலாந்தில் அதே காலத்தில் வேறொரு சண்டை நடந்தது. அப்பன்மார் சின்னப் பிள்ளைகளிடம் செம்பைக் கொடுத்து பீர் வாங்கிவரச் சொல்வார்கள். வரும் வழியில் பிள்ளை ரெண்டு வாய் குடித்துவிட்டு வரும். 1901இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 14 வயசுக்குக் கீழே உள்ளவர்களிடம் கொடுப்பதானால் மூடி முத்திரை வைத்த பாட்டிலில்தான் கொடுக்க வேண்டும். 1923இல் மதுவிடுதிகளில் 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று ஆக்கினார்கள். அங்கே பிள்ளை சட்டத்துக்குள் வந்துவிட்டான்.

குடிகாரனுக்குப் பேர் கொடுத்த காலம்

நம் பக்கம் பேச்சு வேறு திசையில் போயிற்று. எந்த வயசில் குடிக்கலாம் என்ற கேள்வியே எழவில்லை. குடிக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. 1921 கள்ளுக்கடை மறியலில் ஈரோட்டில் பெரியார் இறங்கினார், நாகம்மையாரும் கண்ணம்மாளும் இறங்கினார்கள். 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். காரைக்குடிக்குப் பக்கத்தில் சிராவயலில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஜீவாவைச் சந்தித்ததும் அந்தப் பயணத்தில்தான். 1929இல் ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார். துணைக்குக் கல்கி.

1937இல் ராஜாஜி முதலமைச்சர் ஆனதும் சென்னை மதுவிலக்குச் சட்டம் வந்தது. அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். (மதுவிலக்கு போய்ப் பல காலம் ஆனாலும் அந்த வரி மட்டும் பேர் மாறி மாறி நம்முடனே இருக்கிறது.) யுத்த காலத்தில் தள்ளிவைத்து, மறுபடியும் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்து, 1948 அக்டோபர் 2இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. எல்லாருக்கும் தடை என்றதும், விதிவிலக்கு யாருக்கு என்ற கேள்வி வந்தது. அதற்கு பெர்மிட். டாக்டர் சான்றிதழ் கொடுத்து, உடம்புக்கு இது இல்லாமல் முடியாது என்று காட்டி, அரசு அலுவலகத்தில் பெர்மிட் வாங்க வேண்டும். அதில் பேர் இருக்கும், அளவு இருக்கும். மரத்துக்கும் கடைக்கும் மட்டும் எண் போட்ட அரசு முதன்முதலாகக் குடிக்கிற ஆளுக்கு எண் போட்டது, குடியைத் தடைசெய்த பிறகுதான்.

இந்த முறை இன்றைக்கும் உயிரோடு இருக்கிற இடம் குஜராத். அங்கே உடல்நலப் பெர்மிட் வாங்க 40 வயது நிறைந்திருக்க வேண்டும். மாதத்துக்கு எத்தனை யூனிட் என்பதும் வயசு ஏற ஏறக் கூடும். அரசிடம் பட்டியல் பக்காவாக இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர்கள் கள்ளச்சாராயத்துக்குப் போகிறார்கள் என்பதும் அந்த மாநிலத்துச் செய்திகளைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கடை திறந்தது, பட்டியல் போனது

அடுத்த முப்பது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1971 ஆகஸ்ட் 30இல் கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. 1973, 74இல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் போயின. 1990இல் மலிவு மது வந்து 1991இல் போனது. 2003 நவம்பர் 29இல் சில்லறை விற்பனையும் ஜெயலலிதா ஆட்சியில் டாஸ்மாக் கைக்கு வந்தது.

ஏலக் கடைக்காரர் நின்ற இடத்தில் அரசே வந்து நின்றுகொண்டது. ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து 2003-04இல் கிடைத்தது சுமார் 3,640 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. இருபத்தோரு வருஷத்தில் பதிமூன்று மடங்கு.

கடை எங்கே இருக்கலாம் என்பதற்கு விதிகளில் அளவுநாடாக் கணக்கே உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர் தள்ளி, மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது, நமக்கு 50 மீட்டர். இதற்காக எத்தனை வழக்கு, எத்தனை தாசில்தார் அளவை! 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்றதும் மாநிலம் முழுக்க நாடாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வயசு? அதுவும் விதியில் இருக்கிறது. 21 நிறையாதவருக்கு விற்கக் கூடாது. பலகையிலும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அதை அளக்க நாடா கிடையாது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற விற்பனையாளரின் கண்தான் கருவி.

அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். சாயங்காலம் ஏழு மணி. கம்பி ஓட்டைக்குள் நாலு கை நீட்டிக்கொண்டிருக்கிறது. பல நேரம் அவருக்குத் தெரிவது கையும் காசும்தான், முகம் இல்லை. நிறுத்தி, "தம்பி, வயசு என்ன? அட்டை காட்டு" என்றால் பின்னால் நிற்கிறவன் கத்துவான். மறுத்தால் இரவு கடை மூடிப் பணத்தோடு போகும்போது வழியில் யார் நிற்பார்களோ தெரியாது. டாஸ்மாக்கில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று சுமார் 23,600 பேர் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். 48,000 கோடி வருமானத்தின் வாசலில் வயதுச் சட்டத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு முழுக்க இவர்கள் தலையில்.

சட்டமும் அவருக்குத் தெளிவாக உதவவில்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, குழந்தைக்கு மது கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. அங்கே குழந்தை என்றால் 18க்குக் கீழே. 18க்கும் 21க்கும் நடுவில் நிற்கிறவன் ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். மது மட்டும் வாங்கக் கூடாது. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் புதுச்சேரியில் 18, கேரளத்தில் 2017லிருந்து 23, டெல்லியில் 25. ஆக 19 வயசுப் பையன் காரைக்காலில் பெரியவன், காரைக்குடியில் சின்னவன். நம்ம ஆட்கள் கொண்டுவிக்கப் போன நாடுகளையும் பாருங்கள்: இலங்கையில் 2006 சட்டப்படி 21, மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து 21, சிங்கப்பூரில் 18.

அழகப்பா பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கிற ஊர் இது. பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை உள்ள பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், வீட்டை விட்டு விடுதியிலும் வாடகை அறையிலும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு இந்த மூணு வருஷ இடைவெளி சட்ட நுணுக்கமாக இருக்கலாம். நமக்கு அது தெருவில் நடந்துபோகிற பிள்ளைகள்.

ஒரு நாள் மட்டும் வயசு கேட்டார்கள்

2020 மே 7. ஊரடங்கில் நாற்பது நாளுக்கு மேல் மூடியிருந்த கடைகள் சென்னை நீங்கலாகத் திறந்தன. அன்றைக்கு அரசு வயசுப்படி நேரம் ஒதுக்கியது. 50க்கு மேற்பட்டவர்கள் காலை 10 முதல் 1 வரை, 40 முதல் 50 வரை உள்ளவர்கள் 1 முதல் 3 வரை, 40க்குக் கீழே 3 முதல் 5 வரை. முந்தின நாள் உயர் நீதிமன்றம் போட்ட நிபந்தனையில், வாங்குபவரின் பேர், முகவரி, ஆதார் எண்ணோடு பில் போட வேண்டும் என்றும் இருந்தது.

மதுக்கடை வாசலில் மாநிலம் முழுக்க வயசு கேட்ட நாள் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதுவும் பிள்ளைகளைக் காப்பாற்றக் கேட்டதல்ல, கூட்டத்தைப் பிரிக்கக் கேட்டது. "40க்குக் கீழே" என்ற வரிசைக்கு மேல்வரம்பு இருந்தது, கீழ்வரம்பை யாரும் சொல்லவில்லை. நிபந்தனைகளை மீறிவிட்டார்கள் என்று மே 8இல் உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. 15இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 16இல் கலர் டோக்கனோடு கடை திறந்தது. வயசும் ஆதாரும் அதோடு போயின.

அதே மாதம் ராஞ்சியில் ஸ்விக்கி மதுவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தது. வாங்குபவர் அடையாள அட்டையின் படத்தை ஏற்ற வேண்டும், பிறகு செல்ஃபி எடுக்க வேண்டும். இரண்டு முகமும் ஒன்றுதானா என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். மின்னணு வயதுச் சரிபார்ப்பு அங்கே மது விற்பனைக்குள் இப்படித்தான் நுழைந்தது, கொரோனாவின் முதுகில் ஏறிக்கொண்டு.

2023 ஜனவரியில் நம் மதுரைக் கிளை இன்னும் ஒரு படி மேலே போய், மது விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் குடிப்பவருக்கும் உரிமம் கொண்டுவருவதை அரசு பரிசீலிக்கலாம் என்றது. படித்தபோது சிரிப்பு வந்தது. 1948 பெர்மிட் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது.

பாட்டிலுக்கு சாதகம் எழுதியாச்சு

மின்னணுக் கருவி டாஸ்மாக்குக்கு வரவில்லையா? வந்துவிட்டது. ஆனால் எதற்கு வந்தது என்று பாருங்கள்.

காட்டில் பாட்டில் உடைந்து யானைக் காலில் ஏறுகிறது என்ற கவலையில், நீதிமன்றம் சொல்லி, 2022இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்து, உற்பத்தி ஆலையிலிருந்து கடை வரை எல்லாவற்றையும் கணினிமயமாக்கும் 294 கோடி ரூபாய் வேலை ரெயில்டெல் நிறுவனத்திடம் போனது. பாட்டிலில் உள்ள க்யூஆர் குறியீட்டைக் கையடக்கக் கருவியால் ஸ்கேன் செய்து பில் போடுவது. சோதனை ஓட்டம் நடந்த இடங்களில் நம் பக்கத்து ராமநாதபுரமும் ஒன்று. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள் என்ற பழைய புகாருக்கு இது மருந்து.

நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், எந்த ஆலையில் பிறந்தது, எந்தக் கிடங்கில் தங்கியது, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு விலை போனது என்று பாட்டிலுக்கு முழு சாதகமும் எழுதியாகிவிட்டது. 1886இல் மரத்துக்கு எண் போட்டோம், இன்றைக்கு பாட்டிலுக்குப் போடுகிறோம். வருமானம் எதில் கசியுமோ அதை எண்ணுகிறோம். வாங்குகிற கை பதினெட்டு வயசா என்பதில் வருமானம் கசிவதில்லை.

அப்படியானால் மிஷின் வைத்துவிடலாமா?

வைக்கலாம். ஆனால் பெர்மிட் காலத்தை மறக்காமல் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வயசைச் சரிபார்ப்பது வேறு, வாங்கியவர் பட்டியல் தயாரிப்பது வேறு. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 21 ஆகிவிட்டதா, இல்லையா? அதற்குப் பேர் தேவையில்லை, முகவரி தேவையில்லை, பிறந்த தேதிகூடத் தேவையில்லை. 2025இல் வந்த புதிய ஆதார் செயலியில், முழு விவரத்தையும் கொடுக்காமல் தேவையானதை மட்டும் காட்டும் வசதி வைத்திருக்கிறார்கள். அது ஒரு வழி. மே 2020 மாதிரி ஆதார் எண்ணை பில்லில் அடிப்பது இன்னொரு வழி. முதலாவது வழி கேட்டுவிட்டு மறந்துவிடும். இரண்டாவது வழியில், எந்தக் கொத்தனார் எந்த நாளில் எத்தனை பாட்டில் வாங்கினார் என்ற பேரேடு அரசிடம் தங்கிவிடும். பேரேடு என்று ஒன்று இருந்தால் அதை யாராவது ஒருநாள் புரட்டுவார்கள். கணக்கு எழுதியே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐம்பது வயசு ஆளிடம் அட்டை கேட்பதும் வேண்டாத வேலை. இங்கிலாந்துக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே சட்ட வயது 18. ஆனால் பார்த்தால் 25க்குக் கீழே தெரிகிற யாராக இருந்தாலும் அட்டை கேட்பார்கள். கடைக்காரர் வயசைத் துல்லியமாக ஊகிக்க வேண்டியதில்லை, சந்தேகம் வந்தாலே கேட்டுவிடலாம். இங்கே அதையே "30க்குக் கீழே தெரிந்தால் கேள்" என்று வைத்தால், கேட்பது விற்பனையாளரின் சொந்த முடிவாக இல்லாமல் விதியாகிவிடும். "நான் என்ன தம்பி பண்றது, மிஷின் பில் போட மாட்டேங்குது" என்று அவர் சொல்ல முடிந்தால் அதுவே அவருக்குப் பாதுகாப்பு. மின்னணுக் கருவியால் வருகிற பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிற பையனைப் பிடிப்பதை விட, மறுக்கப் பயப்படுகிற ஊழியருக்கு ஒரு சாக்கு கொடுப்பது.

பேருக்கு வைத்தால் ஜப்பான் மாதிரி ஆகும். அங்கே கடைகளில் மது வாங்கினால் திரையில், இருபது வயது ஆகிவிட்டது என்று ஒரு பொத்தான் வரும். தொட்டால் போதும், நம்பிக்கொள்ளும். காதைத் தொட்ட கதைதான். நாங்களாவது கையைத் தலைக்கு மேலே தூக்கினோம்.

கருவியால் ஆகாத விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். 22 வயசு அண்ணன் வாங்கி 18 வயசுத் தம்பிகளுக்குக் கொடுப்பதை மிஷின் பார்க்காது. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன்னால் கூடுதல் விலைக்கு விற்கிற சந்துக்கடையில் மிஷினே கிடையாது. கடையில் மறுக்கப்பட்ட பையன் அங்கே போனால், அரசுக் கடையில் கிடைப்பதை விட மோசமானது கிடைக்கலாம். கடையை ஒட்டிய பார் தனியார் ஒப்பந்தம், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் க்யூஆர் குறியீட்டுக்குத் தெரியாது. வயதுச் சரிபார்ப்பைக் கடை ஜன்னலில் மட்டும் வைத்து இந்த மூன்றையும் விட்டுவிட்டால், பலகையில் எழுதியதைக் கருவியில் எழுதியதாகத்தான் முடியும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இன்றைக்கு 21க்குக் கீழே இருக்கிறவர்கள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், பிறப்புச் சான்றிதழ் உள்ளவர்கள். காதைத் தொட்டு வயசு வாங்கிய எங்கள் தலைமுறைக்குத்தான் தேதியில் குழப்பம், எங்களை யாரும் கடையில் தடுக்கப் போவதில்லை. யார் வயசைக் கேட்க வேண்டுமோ அவர்கள் வயசு சரியாகப் பதிவாகியிருக்கிறது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக இல்லாத வசதி அது.

ஆகவே கருவி இருக்கிறது, சான்று இருக்கிறது, விதியும் இருக்கிறது. பாட்டிலை ஸ்கேன் செய்கிற அந்தக் கையடக்கக் கருவி, "வயசு என்ன தம்பி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பதிலை உடனே மறந்துவிடுமானால் போதும். கேட்க வைப்பது சுலபம். மறக்க வைப்பதற்குத்தான் நாம் இப்போதே பேச ஆரம்பிக்க வேண்டும்.